சாரத்தைப் பிரிக்கச் சொன்னால் சுவரையுமா இடிப்பது?

(மூன்றாம் ஆண்டு சிவில் பிரிவு மாணவி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவை நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியபோது, கீழே சில தலைப்புகளும் கொடுத்திருந்தார்கள். 'கணிப்பொறியின் பயன்கள்' என்பதுதான் முதல் தலைப்பு. போன வருட மலரைப் புரட்டிப் பார்த்தேன். அதிலும் அதே தலைப்பில் இரண்டு கட்டுரைகள்! இரண்டிலும் கணிப்பொறி மனிதனின் ஆறாவது விரல் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் எனக்குத் தெரிந்த அண்ணன்கள்தான், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் எழுத வந்தது பயன்களைப் பற்றி இல்லை. அந்த ஆறாவது விரலை நம்பிப் பன்னிரண்டு பேருடைய கணக்கை நான் தொலைத்ததைப் பற்றி. தொலைத்தது நான் மட்டும்தானா என்பதைப் பற்றியும்.

என் அப்பா கொத்தனார். அம்மா அதே சைட்டில் சித்தாள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில், பஸ் இரண்டு வேளை மட்டும் வந்துபோகும் ஊர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. முதல் ஆளாகப் படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும், அது வெறும் படிப்பு இல்லை, தெருவுக்கே எழுத்தர் வேலை என்று! ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கணுமா, கரண்ட் பில் எவ்வளவு என்று போனில் பார்க்கணுமா, பேங்கிலிருந்து வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லணுமா... "அந்தப் புள்ளையக் கூப்புடு, அது காலேஜ் படிக்குது." இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். நாம் படிப்பது டிப்ளமோ. அவர்கள் கண்ணுக்கு நாம் கலெக்டர்!

என்னிடம் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. 2018ல் எதிர்வீட்டு அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அக்கா கல்யாணமாகிப் போகும்போது, "நீ வெச்சுக்கோடி, எனக்கு இனிமே எதுக்கு" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். பேட்டரி எப்போதோ உட்கார்ந்துவிட்டது. ஒயரை பிளக்கில் செருகியிருந்தால்தான் அதற்கு உயிர். இருந்தாலும் எங்கள் தெருவில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் அதுதான்.

அம்மா ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநர். மொத்தம் பன்னிரண்டு பெண்கள். வாரம் ஆளுக்கு 50 ரூபாய் சேமிப்பு. சேர்ந்த பணத்திலிருந்து அவர்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வார்கள், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்துப் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவிய இந்தக் குழுக்களுக்கெல்லாம் கணக்குதான் முதுகெலும்பு. கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் போதும், பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு திசையில் திரும்பிக்கொள்வார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே தவிர, பேரேடு எழுத வராது. ஆறாம் வகுப்பிலிருந்து அந்த நோட்டை எழுதுவது நான்தான்.

போன தை மாதம் எனக்கு ஒரு ஞானோதயம். காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறோம், வீட்டில் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோமே! கணக்கு எழுதுவதற்கென்றே இருக்கும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன். (பெயர் வேண்டாம். நல்ல மென்பொருள்தான்.) வட்டியை அதுவே போடும், மொத்தத்தை அதுவே கூட்டும். குழுக் கூட்டத்தில் திரையைத் திருப்பிக் காட்டினேன். எல்லோருக்கும் ஆச்சரியம். "இனிமே நோட்டு வேணாம்" என்று சொன்னது நான். ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் சின்ன பாஸ்புக்கில் வாராவாரம் எழுதுவதையும் நிறுத்தச் சொன்னேன். வருடக் கடைசியில் பிரிண்ட் எடுத்து ஒட்டிவிடலாம் என்பது என் திட்டம். அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். கோடி வீட்டு ஆயா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"மிஷின் கெட்டுப்போச்சுன்னா என்னாடி பண்ணுவ?"

"மிஷினெல்லாம் கெடாது ஆயா" என்று சிரித்தேன். ஒரு விதத்தில் நான் சொன்னது சரிதான். மிஷின் கெடவே இல்லை!

ஒன்பது மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வீட்டிலும் பழகலாம் என்று மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆட்டோகேடைப் போடப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை. எதையாவது எடுக்கணும். பழைய விளையாட்டு இரண்டு, அக்கா காலத்து மென்பொருள் நாலைந்து, கூடவே இந்தக் கணக்கு மென்பொருள். இதைப் பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் நினைப்பில் மென்பொருள் என்பது மூக்குக்கண்ணாடி, கணக்கு என்பது புத்தகம். கண்ணாடியைக் கழற்றி வைத்தால் புத்தகம் காணாமல் போகுமா என்ன?

நீக்கச் சொன்னதும் திரையில் ஒரு பெட்டி வந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. 'யூசர் டேட்டா'வையும் சேர்த்து நீக்கவா என்பது அதன் அர்த்தம். பக்கத்திலிருந்த சின்னக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது, நான் போடவில்லை. யூசர் என்றால் உபயோகிப்பவர், டேட்டா என்றால் தகவல். தனித்தனியாக இரண்டுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும், பரீட்சையில் கேட்டால் எழுதுவேன். ஆனால் அந்த யூசர் நான்தான் என்பது அந்த நிமிஷத்தில் தோன்றவே இல்லை. 'எஸ்' என்று அமுக்கினேன். அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. அதே சூட்டோடு போன் ஹாட்ஸ்பாட்டில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஆட்டோகேடை இறக்கிப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். திண்ணையில் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். தீபாவளிக் கடன் யாருக்கு எவ்வளவு என்று பேசணும். கணக்கு மென்பொருளைத் திரும்பப் போட்டுத் திறந்தேன். 'புதுக் கணக்கு தொடங்கவா?' என்று கேட்டது. அவ்வளவுதான். ஒன்பது மாதச் சேமிப்பு, பதினோரு கடன், யார் யார் எப்போது எவ்வளவு திருப்பிக் கட்டினார்கள்... எதுவும் இல்லை. குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன், காலி. என் கை நடுங்கியதை அம்மா பார்த்துவிட்டார். "கரண்டு இல்லியாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று எல்லோரையும் எழுப்பி அனுப்பினார். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் நம் லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் மடிக்கணினியைக் கொண்டுபோனேன். அவர் விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். நாம் ஒரு ஃபைலை அழித்தால் ஹார்ட் டிஸ்க் அதை உடனே துடைத்துவிடுவதில்லை. நூலகத்தில் பட்டியல் அட்டையை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவைப்பது மாதிரி, 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்கிறது. வேறு ஏதாவது வந்து அந்த இடத்தில் எழுதப்படும் வரை பழையது அங்கேயே கிடக்கும். ஆகவே தொலைந்தது தெரிந்த அந்த நொடியே கம்ப்யூட்டரை அணைத்துவிட வேண்டும். புதிதாக எதையும் போடக் கூடாது, மீட்கும் மென்பொருளைக்கூட அதே டிஸ்க்கில் போடக் கூடாது. மீட்டதையும் வேறு டிஸ்க்கில்தான் சேமிக்கணும். இப்போது புதுக் கம்ப்யூட்டர்களில் வருகிற எஸ்.எஸ்.டி. வகையில் இந்த வாய்ப்பும் பெரும்பாலும் கிடையாது. 'டிரிம்' என்று ஒரு ஏற்பாடு, காலி என்று குறித்த இடத்தை அதுவே சுத்தமாக்கிவிடும். நீக்கும் நிரல் அழிப்பது பொதுவாகக் குப்பைத்தொட்டிக்கும் போகாது. நாம் கையால் அழிப்பதுதான் அங்கே போகும்.

நான் செய்தது என்ன? அழித்த கையோடு பல ஜிபி கொண்ட ஆட்டோகேடை அதே டிஸ்க்கில் கொட்டியிருக்கிறேன். செத்தவரைப் புதைத்ததோடு நில்லாமல் மேலே மாடி வீடும் கட்டியாயிற்று!

இருந்தும் அண்ணன் விடவில்லை. போட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள். டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதன் ஆரம்ப எழுத்துக்களைப் பார்த்து, இது படம், இது கடிதம் என்று கண்டுபிடித்து வெளியே எடுக்கும். 480க்கும் மேற்பட்ட வகைகள் அதற்குத் தெரியுமாம். ஆனால் பழைய பெயரெல்லாம் வராது, எல்லாமே 'எஃப்' என்று ஆரம்பித்து ஒரு நீள எண். அன்று முழுக்க ஓடியது. ஆயிரக்கணக்கில் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். எதிர்வீட்டு அக்காவின் பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவு விழாப் படங்கள்! அக்கா அழித்து எத்தனையோ வருடம் ஆனவை. ரெட்டைச் சடையும் சீருடையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். என் கணக்கு மென்பொருள் சேமிக்கும் வகை அந்த 480ல் இல்லை. வேண்டாததெல்லாம் வந்தது, வேண்டியது வரவில்லை. (படங்களை அக்காவுக்கு அனுப்பினேன். போனில் அழுதார். அது வேறு கதை.)

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "பேக்கப் எடுக்கலையா?" வகுப்பில் கேட்டார்கள், லேபில் கேட்டார்கள், பஸ்ஸில் அறிமுகமே இல்லாத ஒருவர்கூடக் கேட்டார். கேட்கிற தொனி இருக்கிறதே... வீட்டில் திருடு போனவரிடம் "பூட்டலையா?" என்று கேட்கிற அதே தொனி. நான் எடுக்கவில்லை, உண்மை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பேக்கப் என்றால் இன்னொரு இடத்தில் இன்னொரு நகல். இன்னொரு இடம் யாரிடம் இருக்கிறது? எனக்கு இருப்பது இரவலாக வந்த ஒரு மடிக்கணினி. வெளி ஹார்ட் டிஸ்க் வாங்க அம்மா எத்தனை நாள் செங்கல் சுமக்கணும் என்று நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கேட்க மனம் வரவில்லை. பென் டிரைவ் ஒன்று இருக்கிறது. வைரஸ் வருகிறது என்று லேபில் பென் டிரைவுக்குத் தடை. இணையத்தில் ஏற்றிவைக்கலாம்தான், அது எனக்கு இப்போது தெரியும். அப்போது எனக்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் யார் இருந்தார்கள்? அண்ணன் தம்பி இன்ஜினியர்களாக இருக்கிற வீட்டில் இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே வந்துவிடும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் வருவது சிமெண்ட் விலை.

என் அப்பா கேட்டதுதான் எனக்குச் சரியான கேள்வியாகப் பட்டது. மூன்று நாள் கழித்து அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ எதைப் பிரிக்கச் சொன்ன?"

"மென்பொருளப்பா. கணக்கு எழுதுற புரோகிராம்."

"கணக்கு அது கொண்டாந்ததா, நீ எழுதுனதா?"

"நான் எழுதுனது."

"அப்ப அது எப்படிம்மா எடுத்துக்கினு போவும்? சாரம் பிரிக்க வர்றவன் சாரத்தத்தான் பிரிப்பான். செவுத்தையா இடிச்சுக்கினு போவான்?"

நாம் சிவில் மாணவர்கள் இதைவிட விவரமாகப் படித்திருக்கிறோம். நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுக்களை 7 நாள், அதற்கு மேல் 14 நாள் வைத்திருந்து பிரிக்கணும் என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. அப்பாவுக்கு ஐ.எஸ். தெரியாது, நாள் தெரியும். பலகையும் முட்டும் சென்ட்ரிங்காரருடையது. எண்ணிக் கொண்டுவந்தார், எண்ணி எடுத்துப் போவார். தளம் வீட்டுக்காரருடையது. இந்த வித்தியாசம் தெரியாத ஒருவரை எந்த மேஸ்திரியும் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்.

மென்பொருளிலும் நியாயப்படி நடக்க வேண்டியது இதுதான். நிறுவும்போது தான் கொண்டுவந்து வைத்த ஃபைல்களையெல்லாம் நிறுவி ஒரு பட்டியலில் எழுதிவைத்துக்கொள்கிறது. நீக்கும்போது அந்தப் பட்டியலில் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத ஒன்று அந்த அறையில் இருந்தால் அது உபயோகிப்பவர் வைத்தது, தொடக் கூடாது. ஆனால் சில பேர் சோம்பேறித்தனமாக 'மொத்த அறையையும் காலி பண்ணு' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அறைக்குள் நம் பொருளையும் வைக்கச் சொன்னது அவர்கள்தான் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இது ஏதோ திண்டிவனத்துப் பெண்ணின் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பெரிய இடத்திலெல்லாம் நடந்திருக்கிறது. 1998 டிசம்பரில் அமெரிக்காவில் பங்கி என்ற கம்பெனி 'மித் 2' என்று ஒரு கணிப்பொறி விளையாட்டை வெளியிடத் தயாரானது. பெட்டியெல்லாம் தயாராகிவிட்ட நேரத்தில் ஒரு குறை தெரியவந்தது. விளையாட்டை நீக்கினால், அதை எந்த அறையில் நிறுவினோமோ அந்த அறை முழுவதையும் அது அழிக்கிறது. யாராவது டிஸ்க்கின் முதல் வாசலிலேயே நிறுவியிருந்தால்? டிஸ்க் மொத்தமும் காலி! அந்தக் கம்பெனி பிரதிகளைத் திரும்பப் பெற்று, திருத்தியதைப் போட்டுத் திரும்ப அனுப்பியது. செலவு சுமார் 8 லட்சம் டாலர் என்று சொல்லப்படுகிறது. அப்போது அது பெரிய கம்பெனிகூட இல்லை. "பேக்கப் எடுக்கலையா?" என்று வாங்கியவரைக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். கேட்கவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

2001 நவம்பரில் ஆப்பிள் கம்பெனியின் ஐடியூன்ஸ் 2 நிறுவி, டிஸ்க் பெயரில் இடைவெளி இருந்தால் அந்த டிஸ்க்கில் உள்ளதையே அழித்தது. காரணம்? நிரலில் மேற்கோள் குறி போடாதது. தமிழ்ப் பரீட்சையில் மேற்கோள் குறி விட்டால் அரை மார்க் போகும், அவ்வளவுதான்!

2015 ஜனவரியில் நடந்தது இன்னும் மோசம். லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடும் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருள். ஒருவர் அதன் அறையை வேறு இடத்துக்கு மாற்றி வைத்தார். மென்பொருள் தன் அறையைத் தேடியது, கிடைக்கவில்லை. அறையின் முகவரி இருக்க வேண்டிய இடம் வெறுமையானது. 'இந்த முகவரியில் உள்ள எல்லாவற்றையும் அழி' என்ற கட்டளையில் முகவரி இல்லாமல் போனால் என்ன மிச்சம்? 'எல்லாவற்றையும் அழி'! அவருடைய ஃபைல்கள் மொத்தமும் போயின. வேடிக்கை என்னவென்றால், அந்த வரிக்கு மேலே எழுதியவரே 'பயமாயிருக்கு!' என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தார். பயம் இருந்திருக்கிறது, சரிபார்ப்பு இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். அந்த மனிதர் பேக்கப் எடுத்தவர்! பேக்கப் வைத்திருந்த வெளி டிஸ்க்கும் அந்த நேரம் கம்ப்யூட்டரில் செருகியிருந்ததால் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. பஸ்ஸில் என்னைக் கேட்டவர் அவரிடம் என்ன கேட்பார்?

2018 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த புதுப்பிப்பைப் போட்ட சிலருக்கு 'டாக்குமெண்ட்ஸ்' அறையில் இருந்தது காணாமல் போயிற்று. அறையை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்தவர்களின் பழைய அறையை, இனி தேவைப்படாத வெற்று அறை என்று எண்ணி அழித்துவிட்டது. உள்ளே ஃபைல்கள் இருந்தன. சில நாட்களிலேயே கம்பெனி அந்தப் புதுப்பிப்பை நிறுத்திவைத்தது. வந்த புகார்களைப் பார்த்தால் பதினாயிரத்தில் ஒருவருக்குத்தான் நடந்திருக்கிறது என்றும் சொன்னது. இதில் என்னைத் தைத்தது வேறு. வெளியிடுவதற்கு முன்பே, சோதித்துப் பார்த்தவர்களில் சிலர் 'என் ஃபைல் போயிற்று' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் புகாருக்கு ஓட்டு குறைவாக விழுந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. பதினாயிரத்தில் ஒருவர் என்பது கம்பெனிக்கு ஒரு புள்ளிவிவரம். அந்த ஒருவருக்கு அது முழுசு.

போனிலும் இதே கதைதான். நம்மில் நிறையப் பேருக்கு கம்ப்யூட்டர் என்றாலே போன்தானே! ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை உண்டு. செயலியை எடுத்தால் அந்த அறையும் போய்விடும், அது அதன் விதி. இடம் பிடிக்கிறது என்று குறிப்பு எழுதும் செயலியையோ குரல் பதியும் செயலியையோ எடுக்கும் முன்பு, நாம் எழுதியதும் பேசியதும் எந்த அறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாமல் தாத்தாவின் குரலை இழந்த ஒரு தோழி என் வகுப்பிலேயே இருக்கிறாள்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். நகல் வைத்துக்கொள்வது நம் கடமை, சரி. ஆனால் நாம் உண்டாக்கியதை, நம்மிடம் விளங்கும்படி கேட்காமல் அழிப்பது செய்தவருடைய தப்பு. டிக்கை முன்கூட்டியே போட்டுவைத்துவிட்டு "நீதானே எஸ் சொன்னாய்" என்பது, வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் வட்டிக்காரர் பேச்சு. அழிப்பது என்ற டிக் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், வேண்டுமென்றால் நாம் போடுவோம். 'யூசர் டேட்டா' என்று பொதுவாகச் சொல்லாமல் 'தை முதல் ஐப்பசி வரை நீங்கள் எழுதிய 39 வாரக் கணக்கு அழிந்துவிடும்' என்று கேட்டிருந்தால் நான் எஸ் அமுக்கியிருப்பேனா? அதைத் தமிழில் கேட்டிருந்தால் அம்மாவே எழுத்துக் கூட்டிப் படித்து என் கையைப் பிடித்திருப்பார். இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. நம் கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் நாளைக்கு இப்படிப்பட்ட நிரல்களை எழுதப் போகிறவர்கள். கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணன்களே.

குழுவின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா உண்மையைச் சொல்லிவிட்டார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேங்க் பாஸ்புக்கில் மாதாமாதம் மொத்தமாகக் கட்டிய தொகை மட்டும் இருந்தது, யாருடையது எவ்வளவு என்று இல்லை. டெய்லர் அக்கா தன் ஜாக்கெட் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தான் கட்டியதை எழுதிவைத்திருந்தார். இரண்டு பேர் காலண்டரில் வட்டம் போட்டிருந்தார்கள். கோடி வீட்டு ஆயா ஒன்றும் கொண்டுவரவில்லை. "என் ஊட்டுக்கு வாங்கடி" என்றார். போனோம். அடுப்படிச் சுவரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், கரியால் வரிசையாகக் கோடு. எண்ணினேன். 37. உடம்பு சரியில்லாமல் இரண்டு வாரம் கட்டவில்லை, அதற்கு இரண்டு புள்ளி வைத்திருந்தார். அவர் கண்ணில் கேலியெல்லாம் இல்லை. "எழுதிக்கோ" என்றார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஒன்பது மாதத்தைத் திரும்ப எழுதினோம். ஒரே ஒரு இடம் ஒட்டவில்லை. ஆடி மாதம் 1,500 ரூபாய் திருப்பிக் கட்டியதாக ஒரு அத்தை சொல்கிறார், யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கும் இல்லை. அன்று அதைத் தட்டச்சு செய்த விரல் என்னுடையது, ஆனால் எனக்கு ஞாபகமில்லை! அம்மா தன் கூலியிலிருந்து அதைப் போட்டுச் சமன் செய்தார். அந்த அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வருவது குறைந்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை என்று நான் நம்புகிறேன். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது நோட்டிலும் எழுதுகிறேன், கம்ப்யூட்டரிலும் எழுதுகிறேன், மாதம் ஒருமுறை இணையத்திலும் ஏற்றுகிறேன்.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள். லேபில் பென் டிரைவுக்குத் தடை இருக்கட்டும், நியாயம்தான். அதற்குப் பதிலாக லேப் சர்வரில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு அறை கேட்போம். ஆளுக்கு ஒரு ஜிபி என்றால்கூட, ஆயிரம் பேருக்கு ஒரு டெராபைட். ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும், அதற்கு நகலாக இன்னொன்று. முதலாண்டு கம்ப்யூட்டர் வகுப்பில் மென்பொருளை நிறுவச் சொல்லித் தருகிறார்கள். நீக்கவும் சொல்லித் தரட்டும், அந்தப் பெட்டியில் வரும் வரியைப் படிக்கவும் சேர்த்து. மனு எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை பதினேழு கையெழுத்து ஆகியிருக்கிறது. போட விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் ஆட்டோகேட் லேப் வாசலில் என்னைப் பார்க்கலாம். மனு இரண்டு பிரதி.